தராசில் நிறுத்துப் பார்த்த டென்ஷன்

1936 ஜூலை 4-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. ஒரு பக்கத்தைக்கூட முழுசாக நிரப்பாத கடிதம். எழுதியவர் கனடாவில், மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துவந்த ஹான்ஸ் செலியே. அப்போது அவருக்கு வயது 29. எலியைக் குளிரில் விட்டாலும் சரி, கத்தி வைத்துக் காயப்படுத்தினாலும் சரி, அளவுக்கு மீறி வேலை வாங்கினாலும் சரி, மார்ஃபின், அட்ரினலின், ஃபார்மலின் என்று எதை ஊசியில் ஏற்றினாலும் சரி, அதன் உடம்புக்குள் ஒரே மாதிரியான மாற்றங்கள்தான் நடக்கின்றன என்று அதில் எழுதியிருந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க 'ஸ்ட்ரெஸ்' என்று பேசப்படுகிற மருத்துவத்துக்கெல்லாம் ஊற்று அந்தக் கடிதம்தான்.

நான் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் செலியேவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று கட்டங்கள், ஒரு வளைகோடு, ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். எனக்கோ அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு. அதே அளவுக்குக் கோபமும் உண்டு. அரைப் பக்கத்தில் இரண்டுக்கும் இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செலியே பிறந்தது 1907 ஜனவரி 26, வியன்னாவில். அப்பா ஹங்கேரிய ராணுவ மருத்துவர், அம்மா ஆஸ்திரியர். வளர்ந்தது டான்யூப் நதிக்கரையிலிருக்கும் கொமாரோம் என்ற ஊரில். முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது நதியே எல்லைக்கோடாகி ஊர் இரண்டு துண்டானது. வடகரை செக்கோஸ்லோவாக்கியாவோடு போயிற்று. அந்தக் கரையில் இப்போது அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, 2004-ல் தொடங்கினார்கள். அம்மாவின் முடிவு கொடுமையானது. 1956-ல் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி வெடித்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். மகன் அப்போது கடல் தாண்டி மாண்ட்ரியலில், உடம்பு துன்பத்தை எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றிருந்தார்.

அவர் மருத்துவம் படித்தது பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில். பட்டம் வாங்கியது 1929-ல். அங்கே மாணவராக இருந்தபோது நடந்த ஒரு வகுப்பைப் பற்றிக் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். ஃபான் யாக்ஷ் என்ற பேராசிரியர், தொற்றுநோய்களின் தொடக்க நிலையில் இருந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக வகுப்புக்குள் அழைத்துவந்து காட்டினார். ஒவ்வொருவரிடமும் அந்தந்த நோய்க்கே உரிய சின்ன அடையாளத்தைக் கண்டுபிடித்து, இதுதான் நோய் என்று தீர்ப்புச் சொன்னார். பேராசிரியரின் திறமையைக் கண்டு மாணவர்கள் அசந்துபோனார்கள்.

செலியே வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோருக்கும் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கை கால் மூட்டெல்லாம் வலி என்கிறார்கள். பசியில்லை, லேசாகக் காய்ச்சல், முகம் சோர்ந்து கிடக்கிறது. நோய்தான் வேறு வேறு, ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். எந்த நோய் என்று பிரித்துச் சொல்ல இந்த அறிகுறிகள் உதவாது என்பதால் பேராசிரியர் அவற்றைப் பொருட்படுத்தவேயில்லை. மாணவருக்கோ அதுதான் உறுத்தியது. குறிப்பிட்ட எந்த நோயும் இல்லாமல், 'உடம்பு சரியில்லை' என்கிற அந்த நிலைக்கே ஒரு காரணம் இருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியின் அருமை வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும், கேஸ் ஷீட்டைத் தொடுவதற்கு முன்பே, "அந்த ஆறாம் பெட் அம்மாவ முதல்ல பாருங்க" என்பார். என்ன என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நாடித்துடிப்பு சரியாக இருக்கும், பிபி சரியாக இருக்கும், ஆனாலும் ஏதோ சரியில்லை. மருத்துவப் படிப்பு இந்த 'ஏதோ'வைக் கழித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. செலியே அந்தக் கழிவையே கையில் எடுத்துப் பார்த்தவர். அவர் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இதற்காகத்தான்.

அப்போதைக்கு அந்தக் கேள்வி தேர்வுகளுக்கு நடுவே அமுங்கிப்போயிற்று. 1931-ல் வேதியியலில் இரண்டாவது முனைவர் பட்டம், ராக்ஃபெல்லர் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், அடுத்த ஆண்டே மாண்ட்ரியல். மெக்கில்லில் அவர் சேர்ந்தது ஜேம்ஸ் காலிப்பிடம். இன்சுலினைச் சுத்திகரித்து மனிதருக்கு ஊசி போடுகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தவர் காலிப். ஹார்மோன் வேட்டையின் பொற்காலம் அது. புதிதாக ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தால் பெயர் நிலைத்துவிடும் என்று இளைஞர்கள் ராப்பகலாக உழைத்த காலம்.

செலியேவும் அந்த வேட்டையில்தான் இறங்கினார். மாட்டின் சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு அறுத்துப் பார்த்தார். மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணி, அதாவது வெளியடுக்கு, வீங்கியிருந்தது. நோய் எதிர்ப்பு வேலையைச் செய்யும் தைமஸும் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கிப்போயிருந்தன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் இரத்தம் கசியும் புண்கள். தெரிந்த எந்த ஹார்மோனும் இப்படிச் செய்வதில்லை. அப்படியானால் இது புது ஹார்மோன்! அந்த இளைஞனின் மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம்தான் சறுக்கல். நஞ்சுக்கொடிச் சாற்றைப் போட்டாலும் அதே மூன்று. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றுக்கும் அதேதான். சரி, பல சுரப்பிகளில் இந்த ஹார்மோன் இருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். சிறுநீரகம், மண்ணீரல் என்று ஹார்மோனுக்குச் சம்பந்தமில்லாத உறுப்புகளின் சாற்றுக்கும் அதே மாற்றங்கள். அதைவிட மோசம், சாற்றைச் சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த விளைவு குறைந்துகொண்டே போனது. உண்மையான ஹார்மோன் என்றால் சுத்தம் கூடக்கூட வீரியமும் கூட வேண்டும். கடைசியில், உறுப்புகளைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலினை எடுத்து ஊசி போட்டார். மூன்று மாற்றங்களும் முன்பைவிட பலமாகத் தெரிந்தன. புது ஹார்மோன் என்று எதுவும் இல்லை, எலிகளை வாட்டியது சாற்றிலிருந்த அழுக்கும் நஞ்சும்தான்.

பல நாள் லேப்பில் சும்மா உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எத்தனையோ பேர் இந்த இடத்தில் தரவைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். அவருக்கு பிராக் வகுப்பறை நினைவுக்கு வந்தது. எதைக் கொடுத்தாலும் எலிக்கு இந்த மூன்றும் வருகிறது என்றால், அன்று பார்த்த நோயாளிகளின் அந்தப் பொதுவான 'உடம்பு சரியில்லை'க்கு எலியின் உடம்பில் இருக்கும் சாட்சி இதுதானோ? அவர் மதித்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்து, அழுக்கின் மருந்தியலை ஆராய்ந்து வாழ்க்கையை வீணாக்காதே என்று புத்தி சொன்னாராம். அந்த நேரத்தில் தைரியம் சொன்னவர் இன்சுலின் புகழ் ஃபிரெடெரிக் பாண்டிங். ஆய்வுக்காக 500 டாலர் உதவியும் வாங்கிக் கொடுத்தார்.

எம்.எஸ்சி. படித்த காலத்தில் நானும் எலி அறுத்திருக்கிறேன். நெஞ்செலும்பை விலக்கினால், இதயத்துக்கு மேலே வெளிறிய நிறத்தில் இரண்டு மடலாகப் படிந்திருக்கும் தைமஸ். இளம் எலியில் அது நன்றாகச் செழித்திருக்கும், ஃபோர்செப்ஸில் பிடித்தால் வழுக்கும். நீண்ட நாள் வதைபட்ட எலியில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு மாதிரிதான் மிஞ்சியிருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். அட்ரீனல் ஓர் உளுந்து அளவுகூட இருக்காது. சுற்றியுள்ள கொழுப்பைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, வடிதாளில் ஒற்றி, மில்லிகிராம் தராசில் வைக்க வேண்டும். வழக்கமாக இளமஞ்சளாக இருக்கும் அந்தச் சுரப்பி, அவதிப்பட்ட எலியில் பழுப்புச் சிவப்பாகி இருக்கும். புறணியில் சேமித்து வைத்திருந்த கொழுப்புத் துளிகளை ஹார்மோனாக மாற்றிச் செலவழித்துவிட்டதன் அடையாளம் அது. ஓர் உயிர் பட்ட பாட்டை இப்படி எடை போட முடியும் என்பதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த எலிகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கத்தான் செய்கிறது. செலியேவின் லேப்பில் கணக்கில்லாத எலிகள் செத்திருக்கின்றன. அந்த அறிவை அனுபவிக்கிற நாம் அதை மறைக்கக் கூடாது.

பாடப்புத்தகத்தின் அந்த மூன்று கட்டங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. முதல் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை அபாயக் கட்டம்: தைமஸ் சுருங்கும், உடல் வெப்பம் இறங்கும், குடலில் புண் வரும். இரண்டாம் நாள் தாண்டியதும் அட்ரீனல் பெருத்து, உடம்பு தாக்குப்பிடிக்கத் தொடங்கும். பார்ப்பதற்கு எலி தேறிவிட்ட மாதிரியே இருக்கும். வதை நிற்காமல் தொடர்ந்தால், ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் அந்தத் தாங்கும் சக்தி தீர்ந்து எலி செத்துவிடும். மாணவிகள் மூன்றாம் கட்டத்தைத்தான் பயத்தோடு படிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவது அந்தக் கட்டத்தில்தான்.

அடுத்த ஆண்டுகளில் செலியே செய்ததுதான் உண்மையான உடலியங்கியல். அட்ரீனலை எடுத்துவிட்ட எலியை வாட்டினார், தைமஸ் சுருங்கவில்லை. அப்படியானால் அட்ரீனலிலிருந்து ஏதோ வந்துதான் தைமஸைக் கரைக்கிறது. பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலியில் அட்ரீனல் வீங்கவேயில்லை. அப்படியானால் மேலிருந்து பிட்யூட்டரி உத்தரவு போடுகிறது. இப்படி ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பார்த்துத்தான் பிட்யூட்டரி, அட்ரீனல், அதன் ஹார்மோன்கள் என்ற சங்கிலி தெளிவானது. குளூக்கோகார்ட்டிகாய்டு, மினரலோகார்ட்டிகாய்டு என்று இன்று மருந்துச் சீட்டுவரை வந்துவிட்ட அட்ரீனல் ஹார்மோன் பெயர்களும் அவர் வைத்தவைதான். போகிற போக்கில் 1941 வாக்கில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். புரோஜெஸ்டரோன் ஹார்மோனை அதிக அளவில் ஊசி போட்டால் எலிகள் மயங்கித் தூங்கின. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள்தான், பிரசவத்துக்குப் பிறகு தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வுக்கு மருந்தாக 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தச் சங்கிலி என்ன செய்யும் என்பதை எங்கள் அத்தையிடம் கண்ணாலேயே பார்த்தேன். முடக்குவாதத்துக்காகப் பல வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்து, "அம்மா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அத்தை, "மூட்டுவலி மாத்திரைதான் தம்பி. ரெண்டு நாளா அதையும் சாப்பிடல, வாந்தி வருது" என்றார். டாக்டரின் முகம் மாறிவிட்டது. அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் வேலையைச் செய்கிற ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் அத்தையின் அட்ரீனல் வேலையை மறந்து படுத்திருந்தது. எலும்பு முறிவு ஒரு தாக்குதல், ஆபரேஷன் இன்னொன்று. சாதாரண உடம்பு இந்த நேரத்தில் கார்ட்டிசாலை அள்ளிக் கொட்டும். அத்தையின் உடம்பில் கொட்டுவதற்கு எதுவும் இல்லை. உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார்கள், பிபி மேலே வந்தது. அந்த டோஸுக்கு ஆஸ்பத்திரிகளில் 'ஸ்ட்ரெஸ் டோஸ்' என்றுதான் பெயர். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று நாங்கள் ஆயிரம் முறை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1945-ல் செலியே மாண்ட்ரியலிலேயே பிரெஞ்சு மொழிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே ஆய்வு மருத்துவம், அறுவை சிகிச்சைக்கான நிறுவனம் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்துவிட்டு வந்து, நாள் முழுக்க உழைப்பவர். கட்டுரைகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அவரிடம் படிக்க பிரான்ஸிலிருந்து வந்த ரோஜே கில்மேனுக்கு 1977-ல் கிடைத்தது.

கிடைக்காமல் போனதற்கு அரசியலும் இருந்திருக்கலாம், ஆனால் அவர் கொள்கையிலும் ஓட்டைகள் இருந்தன. அதைச் சொல்லாமல் அவரைக் கும்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை. எந்தத் தாக்குதலானாலும் உடம்பின் பதில் ஒன்றே என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். ஜான் மேசன் என்ற அமெரிக்கர் குரங்குகளை வைத்து இதைச் சோதித்தார். மற்ற குரங்குகள் தின்றுகொண்டிருக்கும் அறையில் சில குரங்குகளைப் பட்டினி போட்டால் அவற்றின் அட்ரீனல் ஹார்மோன் ஏறியது. அவற்றைத் தனியே வைத்து, சத்தே இல்லாத, ஆனால் சுவையும் அளவும் வழக்கமான தீனி போலவே இருக்கும் உருண்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். உடம்பைப் பொறுத்தவரை அதுவும் பட்டினிதான். ஆனாலும் ஹார்மோன் பெரிதாக ஏறவில்லை! மற்றவர்கள் தின்ன, தனக்கு மட்டும் மறுக்கப்படுகிறது என்ற தவிப்புதான் சுரப்பியைக் கிளப்பியிருக்கிறது. செலியே பொதுவென்று நினைத்தது பெரும்பாலும் பயத்தின், தவிப்பின் பதில் என்று மேசன் 1971-ல் வாதிட்டார். எலிக்கு ஊசி போடும்போது அது பயப்படாமலா இருந்திருக்கும்?

வயிற்றுப் புண் விஷயமும் அப்படித்தான். கவலைப்பட்டால் அல்சர் வரும் என்று பல தலைமுறை நம்பியது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று நிரூபித்து 2005-ல் நோபல் வாங்கினார்கள். அதற்காக செலியே பார்த்தது பொய்யாகிவிடாது. பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கும், ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடப்பவர்களுக்கும் அந்த இரத்தம் கசியும் புண் இன்றும் வருகிறது. அதைத் தடுக்க ஊசி போடுவது ஐசியு நர்ஸின் அன்றாட வேலை.

இன்னொரு பெரிய கேள்விக்கும் அவரால் விடை காண முடியவில்லை. கையில் காயம் பட்டதென்று பிட்யூட்டரிக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்? அந்த முதல் தூதுவனை வாழ்நாள் முழுக்கத் தேடினார். மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து ஒரு பொருள் வருகிறது என்பதற்கு 1955-ல் ஆதாரம் காட்டியவர்களில் அவருடைய மாணவர் கில்மேனும் உண்டு, அவருடைய பழைய மெக்கில் பல்கலைக்கழகத்து ஆட்களும் உண்டு. அதைப் பிரித்தெடுத்து, 41 அமினோ அமிலங்கள் கொண்டது என்று 1981-ல் உலகத்துக்கு அறிவித்தவர் வைலி வேல், கில்மேனின் மாணவர். செலியே 1982 அக்டோபர் 16-ல் இறந்தார். மாணவரின் மாணவர் கையில் விடை கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

இனி கோபம். 1998-ல் அமெரிக்க மாநிலங்களுக்கும் சிகரெட் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில் கம்பெனிகளின் உள்கடிதங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. அவற்றைத் தோண்டிப் பார்த்து, மார்க் பெட்டிக்ரூ, கெல்லி லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செலியே 1958-லேயே ஓர் அமெரிக்க சிகரெட் கம்பெனியிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறார், அப்போது கிடைக்கவில்லை. 1960-களில் கம்பெனிகளின் வக்கீல்கள் அவரைத் தேடிவந்தார்கள். வழக்குகளில் உதவக்கூடிய ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்து 1,000 டாலர் பெற்றார். 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன்னால் போய், சிகரெட் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டாம், எச்சரிக்கை வாசகம் வேண்டாம் என்கிற பக்கம் நின்று பேசினார். அதே காலகட்டத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர் என்று மூன்று ஆண்டுக்கு அமெரிக்க சிகரெட் தொழிலின் ஆய்வுக் குழுவிடமிருந்து பணம் வந்தது. கனடாக் கம்பெனிகளும் கொடுக்க முன்வந்தன. யாரிடம் வாங்குகிறேன் என்று அவர் வெளியே சொல்லவில்லை. புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் வாதம் எளிமையானது. மனிதனுக்கு டென்ஷன் இருக்கிறது. டென்ஷன்தான் இதயத்தைக் கெடுக்கிறது. புகைப்பது டென்ஷனுக்கு ஒரு வடிகால், அதைப் பிடுங்கினால் அதைவிட மோசமான எதையாவது பிடித்துக்கொள்வான். கம்பெனிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாரடைப்புக்குப் பொறுப்பு சிகரெட்டிலிருந்து கழன்று, புகைக்கிறவனின் மனசுக்கு மாறிவிட்டது.

பணத்துக்காக விலைபோனார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஐநூறு டாலருக்கு அல்லாடிய நாள்களை மறக்காத, பெரிய நிறுவனத்தை ஓட்டவேண்டிய மனிதர் அவர். அதோடு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பியவர். பிராக் வகுப்பறையில் அவருக்குக் கைகொடுத்த அதே பார்வைதான் இங்கே அவரைக் கவிழ்த்தது. ஒவ்வொரு நோயின் தனி அடையாளத்தைத் தாண்டிப் பொதுவானதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புகையிலைத் தார் என்ற தனிக் குற்றவாளி சின்னதாகத் தெரிந்துவிட்டது. அதனால் செத்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் எந்த வகையிலும் ஈடாகாது.

பிற்காலத்தில் அவர் எழுதியதெல்லாம் வாழ்க்கை அறிவுரை. நல்ல ஸ்ட்ரெஸ் உண்டு, கெட்ட ஸ்ட்ரெஸ் உண்டு, என்ன நடக்கிறது என்பதைவிட நீங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் முக்கியம் என்றார். தனக்கே புற்றுநோய் வந்தபோது அப்படித்தான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார், பல ஆண்டுகள் வாழவும் செய்தார். அந்த நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி செலியேவை மட்டும்தான். குளிரில் விட்ட எலியிடம் குளிரை எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்று 1936-ன் செலியே கேட்கவில்லை. எவ்வளவு குளிர், எத்தனை நாள் என்று கேட்டு, சுரப்பியை எடுத்து எடை பார்த்தார். இன்று அலுவலகங்களில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, மாதம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பு எடுக்கிறார்களே, அங்கே பேசப்படுவது அந்த முதல் கடிதம் இல்லை.

அந்தக் கடிதத்தின் வாரிசு என்று நான் நினைப்பது லண்டனில் நடந்த ஒயிட்ஹால் ஆய்வை. 1967-ல் தொடங்கி சுமார் 18,000 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தார்கள். மைக்கேல் மார்மாட்டும் அவருடைய குழுவினரும் பார்த்தபோது, கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பெரிய பொறுப்பில் இருப்பவனுக்குத்தான் டென்ஷன், அவனுக்குத்தான் மாரடைப்பு என்ற நினைப்பு நொறுங்கியது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிதான் விளங்கியது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையின் மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது தெரிந்தது. என்ன வேலை, எப்போது, எப்படி என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் இப்போது எண்ணில் சொல்ல முடிகிறது.

இப்போதெல்லாம் செலியே பாடம் வரும்போது, 1936 கடிதத்தையும் 1969 நாடாளுமன்றச் சாட்சியத்தையும் ஒரே வகுப்பில் எடுக்கிறேன். பரீட்சைக்கு இரண்டாவது வராது, தெரியும். போன முறை வகுப்பு முடியப்போகும் நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் பகுதிநேரமாக டூட்டியும் பார்க்கிறவள்.

"மேடம், எங்க வார்டுல தொடர்ந்து ஆறு நைட் போடுறாங்க. எப்ப மாத்துவாங்கன்னு முதல் நாள் வரைக்கும் சொல்ல மாட்டாங்க. இது எந்தக் கட்டம் மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் 1976-லிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான நர்ஸ்களைப் பின்தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது, பல ஆண்டுகள் நைட் ஷிப்ட் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுவதை அதில் கண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். மாத ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்டச் சொல்லி சூப்பரின்டென்டென்டுக்கு அவர்கள் வார்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். இதை அதில் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்துக்கோம்மா, கட்டுரையின் பெயரையும் வருஷத்தையும் நாளைக்குத் தேடித் தருகிறேன் என்றேன்.